மச்சான் வேண்டாம் என்கிறார்

என் கணவர் இதுவரை பன்னிரண்டு முறை செத்திருக்கிறார். பன்னிரண்டாவது முறை நிஜமாகிவிடக் கூடாதே என்று நான் ஒரு காரியம் செய்தேன். அது பலித்தும்விட்டது. பலித்ததுதான் இப்போது பயமாக இருக்கிறது.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டு, குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாவற்றையும் கலந்து அடித்துக்கொள்ளச் சொல்வார்களே, அந்தச் சண்டையில் அவர் சாம்பியன். ஓய்வு பெற்ற சாம்பியன். இருபத்து நான்கு சண்டை, பத்தொன்பது வெற்றி. ரசிகர்கள் வைத்த பெயர் ‘இரும்புப் பூட்டு’. பின்னாலிருந்து எதிராளியின் கழுத்தில் கையைப் போட்டாரென்றால் பூட்டு விழுந்தது என்று அர்த்தம். அதைத் திறக்க ஒரே வழிதான் உண்டு. மாட்டிக்கொண்டவன் கையால் மூன்று முறை தட்ட வேண்டும். தரையில் தட்டலாம், அவர் தோளில் தட்டலாம். ‘தோற்றேன், விடு’ என்று பொருள். உடனே விட்டுவிட வேண்டும். அத்தனை முரட்டுத்தனத்திலும் இருக்கிற ஒரே மரியாதை அதுதான்.

எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். எங்கள் குட்டிக்கு இரண்டரை வயது. அப்பா தூக்கிக் கொஞ்சும்போது தாடி குத்தினால் அழ மாட்டாள். சின்னக் கையால் மூன்று தட்டு. அவர் கை தானாக விரிந்துவிடும். நானும் பின்னாலிருந்து தோளில் மூன்று தட்டுத் தட்டினால் கையில் எது இருந்தாலும் கீழே விழும். சூடான காபியோடு நிற்கும்போது தட்டிப் பார்க்காதீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கம் அவருக்கு விளையாட்டாக வந்ததில்லை. அவருடைய கடைசிச் சண்டை ஒரு தபால்காரரோடு. பகலில் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பார், வார இறுதியில் கூண்டுக்குள் வருவார். அன்றைக்கு இவர் பூட்டைப் போட்டார். தபால்காரர் இவர் தோளில் மூன்று முறை தட்டினார். கூட்டம் போட்ட கூச்சலிலும் சண்டை வேகத்திலும் இவருக்கு அது உறைக்கவில்லை. நடுவர் ஓடி வந்து கையைப் பிரிக்கிற வரைக்கும் விடவில்லை. தபால்காரர் பதினோரு நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு எழுந்தார், தண்ணீர் கேட்டார், யாரையும் பார்க்காமல் நடந்து போனார். அதற்கப்புறம் அவரை யாரும் கூண்டுப் பக்கம் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில்கூட மூன்று தட்டுக் கேட்டால் என் கணவர் தலையணையை விட்டுவிடுவார்.

அதே சண்டையில் அவருக்கும் தலையில் அடி. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மூளை வரைந்து, அதில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

“இந்த இடத்துல இன்னொரு அடி விழக் கூடாதும்மா.”

“விழுந்தா?”

“உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னே வச்சுக்குங்க. வீட்டுக்கு வருவார். பெல் அடிப்பார். ஆனா கதவைத் திறக்கிற நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாம போகலாம். குழந்தை யாருன்னும் தெரியாம போகலாம்.”

அந்தச் சீட்டை என் பள்ளிக்கூட ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அவர் அன்றே ஓய்வை அறிவித்தார். பின்னறையில் அவர் பயிற்சி செய்யும் சாமான்கள் இருக்கின்றன. அந்த அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

எனக்கு நாற்பத்து நான்கு கிலோ. பல்லிக்குப் பயம். மின்னலுக்குப் பயம். குழந்தை அழுதால் பயம், அழாமல் இருந்தால் இன்னும் பயம். “இவ்ளோ பெரிய ஆளைக் கட்டிக்கிட்டு உனக்கு என்ன பயம்?” என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பெரிய ஆள் ஒரு நாள் பெல் அடித்துவிட்டு, ‘நீங்க யாருங்க?’ என்று மரியாதையாகக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வுக்குப் பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். முதல் படத்தில் மாடிப்படியில் உருண்டு செத்தார். இரண்டாவதில் கிணறு. மூன்றாவதில் கதாநாயகன் ஒரே குத்தில் அவரைச் சுவருக்குள் அனுப்பினார். அந்தக் கதாநாயகனின் இடுப்பு என் கணவரின் முழங்கை அளவு இருக்கும். பதினோரு படங்களில் அவர் பேசிய வசனம் மொத்தம் நான்கு வார்த்தை. அதில் மூன்று ‘ஆ’. ஒரு பேய்ப் படத்தில் மட்டும் சாவதற்கு முன்னால் இடைவேளை வரைக்கும் இருந்தார்.

படப்பிடிப்பு முடிந்து வந்தால் சட்டைக் காலரில் சிவப்புச் சாயம் இருக்கும். சினிமா ரத்தம். அதை எலுமிச்சையும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் சிவந்துவிடும். குட்டிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. டிவியில் அப்பா விழுந்ததும் எழுந்துவிடுவாள்.

“அப்பா செத்தாச்சு. பால்.”

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே அவர் அறிவித்தார்.

“இனிமே நான் சாகறதா இல்ல.”

“நல்லது. வாயைக் கொப்பளிச்சுட்டுச் சொல்லுங்க.”

“சிரிக்காதே. நான் எவ்ளோ பெரிய ஆளு? அந்த நோஞ்சான் தும்மினா நான் பறக்கணுமாம். தெருவுல சின்னப் பசங்க என்னைப் பார்த்துச் செத்த மாதிரி நாக்கைத் தள்ளிக் காட்டறாங்க.”

“அப்போ சினிமாவை விட்டுடுங்க.”

“விட மாட்டேன். புதுசா ஒரு படம். நான் சாகாத படம். நாளையிலேர்ந்து ஒரு மாசம் தினமும் ஷூட்டிங்.”

நான் நம்பினேன். மறுநாள் ஒன்பதரை மணிக்குத் தோளில் பையோடு கிளம்பினார். ஒன்றரைக்குத் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. நல்ல வெயில். குட்டிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து ஏதோ ஒரு சத்தம். கனமான மூட்டையைத் தரையில் இழுப்பது போல. பிறகு ஒரு ‘தொப்’. பிறகு நீளமாக ஒரு மூச்சு.

பின்னறை பூட்டியிருந்தது. சாவி என் தையல் கூடையில் இருந்தது. போய்ப் பார்த்தேன், இருந்தது.

குட்டி துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, பூட்டிய கதவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

“யாருக்குக் கண்ணு டாட்டா காட்டறே?”

“மாமாக்கு.”

மாமா என்பது யாரென்று சொல்ல வேண்டும். பின்னறையில் ஒரு பொம்மை இருக்கிறது. ஆள் உயரம், தோல் உடம்பு, உள்ளே பஞ்சும் கந்தலும். மல்யுத்தப் பிடிகளைப் பழகுவதற்காகச் செய்தது. அதற்குக் கை உண்டு, கால் உண்டு, முகம் மட்டும் கிடையாது. எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அந்தக் குறை தீரட்டும் என்று அவர் அதற்கு ‘மச்சான்’ என்று பெயர் வைத்தார். “உன் கூடப் பொறந்தவனை அடிக்கற மாதிரி ஒரு திருப்தி” என்பார். அவருக்கு மச்சான் என்றால் குட்டிக்கு மாமாதானே.

“மாமா என்ன பண்றார்?”

“மூச்சு விடறார்.”

அன்றைக்கு ஒன்றரை மணிவரை நானும் குட்டியும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்ததும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெதுவாகப் பையைக் கீழே வைத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னறைப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பேய்ப் படத்தில், இடைவேளைக்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

“உனக்கும் கேட்டுச்சா?” என்றார்.

“உங்களுக்குமா?”

“பயப்படுவியேன்னு சொல்லல. கொஞ்ச நாளாவே இருக்கு.”

“யாருங்க அது?”

“தெரியல. பகல்லதான் வருது. அதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. ராத்திரி வந்தா சாதாரணப் பேய்.”

“நான் என்ன பண்றது?”

“உங்க அம்மா வீட்டுக்குப் போயேன். குட்டியைக் கூட்டிக்கிட்டு ஒரு மூணு வாரம் இருந்துட்டு வா. நான் பார்த்துக்கறேன்.”

“உங்களைத் தனியா விட்டுட்டா?”

“நான் சாம்பியன்மா. வந்தா ஒரே பூட்டு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு தைரியம். இப்படிப்பட்ட மனிதரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? போக மாட்டேன் என்றேன். அவர் முகம் ஏனோ வாடியது. அன்பினால் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பத்தரைக்கு மீண்டும் சத்தம். இழுத்தல், தொப், மூச்சு. இழுத்தல், தொப், மூச்சு. வெயில் கூடத்தில் சதுரமாக விழுந்து கிடந்தது. தெருவில் யாரோ மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். உலகம் அதன் பாட்டுக்கு இருந்தது. என் வீட்டில் பூட்டிய அறைக்குள் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் பள்ளியில். எதை மறந்தாலும் அங்கே கற்ற மூன்றை மறக்க முடியாது. ஜெபம், தையல், கதவைத் தட்டுவது. மூன்று முறை தட்டு, ஐந்து எண்ணு, அப்புறம்தான் கைப்பிடியைத் தொடு. உள்ளே தலைமை சிஸ்டர் இருந்தாலும் ஒன்றுதான், யாரும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். வாய் தானாக ஜெபம் சொல்லியது. கதவருகே போனேன். பேயாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். மூன்று முறை தட்டினேன்.

உள்ளே ‘தொம்’ என்று எதுவோ விழுந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுக்கூட இல்லை.

ஐந்து எண்ணுவதற்குள் நான் சமையலறையில் இருந்தேன்.

சாயங்காலம் துணி துவைக்க உட்கார்ந்தேன். அவருடைய சட்டையை எடுத்தேன். வியர்வை நாற்றம் மூக்கைத் துளைத்தது. காலரைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்குப் பகீரென்றது. முந்தின நாள் சட்டையிலும் இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. நான்கு நாளாகப் படப்பிடிப்பு, ஆனால் ஒருவரும் என் கணவரைக் கொல்லவில்லை. சரி, சாகாத படம் என்றாரே. ஒரு முகப்பூச்சுக் கறைகூடவா இல்லாமல் போகும்?

சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் ‘தொம்’ காதில் மீண்டும் கேட்டது. நான் தட்டியதும் விழுந்தது. தட்டி முடித்த அதே நொடியில்.

மறுநாள் சத்தம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். மூன்று முறை தட்டினேன். ‘தொம்.’ கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி மூச்சுச் சத்தம் வந்ததும் மறுபடி தட்டினேன். மறுபடி ‘தொம்.’

பேய்க்கு இந்தச் சட்டம் தெரியாது. மூன்று தட்டுக் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போடுகிற ஜீவன் உலகத்தில் ஒன்றுதான். அதற்குத்தான் நான் தினமும் சோறு போடுகிறேன்.

மாடி வீட்டு டியூஷன் டீச்சர் துணி காயப்போட வந்தபோது மெல்லக் கேட்டேன்.

“அக்கா, எங்க வீட்டுப் பின்பக்கம் யாராவது வந்து போறதைப் பார்த்தீங்களா?”

“யாரு, உங்க வீட்டுக்காரரா?”

“அவரை நீங்க பார்த்தீங்களா?”

“தினமும்தான் பார்க்கறேன். வாசல் வழியாப் போவார், டீக்கடையில ஒரு மணி நேரம் நிப்பார், அப்புறம் சுத்தி வந்து பின் ஜன்னல்ல ஏறிக் குதிப்பார். கம்பியைக் கழற்றி வச்சிருக்கார் பாரு.”

“ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“குடும்ப விஷயம்னு விட்டுட்டோம். நீ அவரை வாசல் வழியா உள்ள விடமாட்டேங்கறேன்னு இந்த பில்டிங்கே பேசிக்குது. பாவம்மா அந்த மனுஷன். கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போயேன்.”

அன்று அவர் குளிக்கும்போது பையைத் திறந்தேன். அடியில் நாலாக மடித்த ஒப்பந்தத் தாள். ‘இரும்புப் பூட்டு மீண்டும் கூண்டில். ஒரே ஒரு சண்டை. ஐந்து சுற்று.’ மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. எதிராளிக்கு இருபத்து மூன்று வயது. போட்டோவில் அவன் கழுத்தும் தலையும் ஒரே அகலத்தில் இருந்தன. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. புதன்கிழமைக்குள் போட்டு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது.

அவர் என்னை ஏன் மூன்று வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார் என்று புரிந்தது. வாடிய முகத்துக்கும் காரணம் புரிந்தது. சண்டை போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போட்டால் என்ன ஆகும்? ‘சரிம்மா, விட்டுடறேன்’ என்பார். வேறு எங்காவது ஒரு கொட்டகையில் போய்ப் பழகுவார். சனிக்கிழமை இரவு பெல் அடிக்கும். நான் கதவைத் திறப்பேன். அவர் என்னைப் பார்ப்பார்.

அவருடைய பிடியை யாரும் பிடுங்க முடியாது. பத்தொன்பது பேர் முயன்று பார்த்திருக்கிறார்கள். அவராக விட வேண்டும். எதற்கு விடுவார் என்பது எனக்குத் தெரியும்.

குட்டிக்கு ஒரு கரடி பொம்மை உண்டு. வயிற்றை அழுத்தினால் இரண்டு கையையும் சேர்த்து மூன்று முறை தட்டும். டப், டப், டப். திங்கட்கிழமை மாலை குட்டிக்குத் தெரியாமல் அதை எடுத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். தட்டியது. தையல் கூடையில் போட்டு மேலே ஒரு துணியை மூடிவைத்தேன்.

அன்று ஏழு மணிக்கு அவர் கிணற்றில் சாகும் படம் டிவியில் வந்தது. ரிமோட் வேலை செய்யவில்லை என்று தட்டிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். நான் குட்டிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. தான் கிணற்றில் விழுவதைத் தானே பார்த்து, “தண்ணி நிஜமாவே ஜில்லுனு இருந்துச்சு” என்றார்.

செவ்வாய்க்கிழமை. ஒன்பதரைக்கு அவர் கிளம்பினார். டீக்கடையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு.

பின்னறையைத் திறந்தேன். மச்சான் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முகமில்லாத தலை கதவைப் பார்த்திருந்தது. குட்டி வாசலில் நின்று “மாமா தூங்கறார்” என்றாள். நான் மண்டியிட்டு மார்புத் தையலைப் பிரித்தேன். கரடியைப் பஞ்சுக்குள் செருகினேன். அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு அவசரம். ஆனால் தையலில் மட்டும் அவசரப்படவில்லை. தையல் சிஸ்டர் சொல்வார்: போட்ட தையல் கடவுளுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அப்படித்தான் போட்டேன். தோல் உடம்பு ஏனோ வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்பட்டிருக்கும்.

கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பத்தரை மணிக்கு, பின்பக்க ஜன்னலில் கால் உரசும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு உண்டு. அக்கம்பக்கம் பார்க்கக் கூடாதென்று அவர் அதை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொள்வார். நான் சுற்றிப் போய், வெளிப்பக்கக் கொக்கியைச் சத்தமில்லாமல் மாட்டினேன். பிறகு வீட்டுக்குள் வந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அறைக் கதவின் முன்னால் உட்கார்ந்தேன்.

இழுத்தல். தொப். மூச்சு. பூட்டு விழுகிறது என்று தெரிந்தது.

பிறகு கேட்டது.

தட்.

தட்.

தட்.

கரடியின் சத்தத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. நிதானமாகவும் இருந்தது, யோசித்து யோசித்துத் தட்டுவது போல. தோலும் பஞ்சும் சேர்ந்து மாற்றிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

‘தொம்.’

பிறகு ஜன்னலைத் தள்ளும் சத்தம். மறுபடி தள்ளும் சத்தம். பிறகு ஆறடி இரண்டங்குல ஆள் கதவில் வந்து மோதினார்.

“திற! கதவைத் திற!”

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“உன் புருஷன்மா!”

“அவர் ஷூட்டிங் போயிருக்காரே.”

பிறகு தணிந்த குரலில், “ஷூட்டிங் இங்கதான்” என்றார்.

“என்ன படம்?”

“விளையாடாதே. இங்க… மச்சான் தட்டறார்.”

“என்ன தட்டறார்?”

“மூணு தட்டு. என் தோள்ல. கையால.” குரல் உடைந்தது. “அன்னைக்குத் தபால்காரர் தட்டின அதே இடம்மா. அன்னைக்குத் தெரியல. இன்னைக்குத் தெரிஞ்சுது.”

எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. சாவியைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு மருந்துச் சீட்டில் இருந்த புள்ளி ஞாபகம் வந்தது. சாவியைக் குட்டியிடம் விளையாடக் கொடுத்தேன்.

“நீங்க பேயா இருந்தா நான் எப்படித் திறக்கறது? என் புருஷன்னா பையில ஒரு தாள் இருக்கும். அதைக் கதவுக்கு அடியில தள்ளுங்க.”

“எந்தத் தாள்?”

“அஞ்சு சுத்துத் தாள்.”

“உனக்கு எப்படி…?”

“கிழிச்சுத் தள்ளுங்க.”

கிழியும் சத்தம் கேட்டது. துண்டுகள் ஒவ்வொன்றாகக் கதவுக்கு அடியில் வந்தன. குட்டி பொறுக்கிப் பொறுக்கி அடுக்கினாள்.

“திற.”

“போன் பண்ணி வரலேன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

மணி அடித்தது. யாரோ ஒரு ஆள் உற்சாகமாக எடுத்தார். “சாம்பியன்! சொல்லுங்க. போஸ்டர் ரெடி.”

“இல்லைங்க. நான் வரல.”

“ஏன் சாம்பியன்? உடம்புக்கு ஏதாவதா?”

“அதெல்லாம் இல்ல.” அவர் தொண்டையைச் செருமினார். “வீட்ல மச்சான் வேண்டாங்கறார்.”

“மச்சானா? நான் வேணா வந்து பேசட்டுமா?”

“வேண்டாம். வேண்டாம். அவர் பேசற ஆள் இல்ல.”

கதவைத் திறந்தேன். என் கணவர் வெளியே பாய்ந்து என்னைக் கட்டிக்கொண்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. அவர் முதுகில் மூன்று தட்டினேன். உடனே விட்டார். விட்டுவிட்டு, தட்டியது நான்தானா என்று என் கையை ஒரு முறை பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அமைதி. வெள்ளிக்கிழமையே படப்பிடிப்புக்குப் போய் லிஃப்டில் சிக்கிச் செத்துவிட்டு வந்தார். காலரில் அழகான சிவப்புக் கறை. பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தேன். இரும்புப் பூட்டை நாற்பத்து நான்கு கிலோவில் திறந்தவள் நான். யாரிடமும் சொல்ல முடியாது என்பது ஒன்றுதான் குறை. விஷயம் தெரிந்தால் அவருக்குத் தைரியம் வந்துவிடும். தைரியம் வந்தால் கூண்டு வந்துவிடும்.

ஆனால் குட்டி கரடியைக் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இன்று மாலை அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னறைக்குப் போய்த் தையலைப் பிரித்தேன். கரடி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எடுத்து, மறுபடி தைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். குட்டி அதன் வயிற்றை அழுத்தினாள்.

தட்டவில்லை.

மறுபடி அழுத்தினாள். தட்டவில்லை. நான் வாங்கி அதன் முதுகு மூடியைத் திறந்தேன். பேட்டரி இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

“ஏங்க, இந்தக் கரடியோட பேட்டரி…?”

“அதுவா? ரிமோட்டுக்குப் போட்டேன். கரடி உன் தையல் கூடையில கிடந்துச்சு.”

“எப்போ?”

“என் கிணத்துப் படம் போட்டாங்களே, அன்னைக்கு. ஏன்?”

திங்கட்கிழமை மாலை. நான் கரடியை உள்ளே வைத்துத் தைத்தது செவ்வாய் காலை.

“ஒண்ணுமில்ல” என்றேன். வேறு என்ன சொல்வது? சொன்னால் என் குட்டு உடையும். சொல்லாவிட்டால் இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். எதையோ பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மச்சானை அந்த ரூம்ல தனியா போட மனசு வரல. நமக்கு நல்லது சொன்னவர். சாப்பிட்டதும் தூக்கிட்டு வந்து நம்ம ரூம்ல படுக்க வச்சுடறேன்.”

“எங்க?”

“உன் பக்கத்துலதான். என்ன இருந்தாலும் உன் கூடப் பொறந்தவர்.”

சொன்னபடியே செய்துவிட்டார். இதை எழுதும் இந்த நேரத்தில் அவர் தூங்குகிறார், குட்டி தூங்குகிறாள், மச்சான் தூங்குகிறாரா என்று தெரியவில்லை. சற்று முன்னால் மேசையில் மெதுவாக மூன்று தட்டுத் தட்டினேன். என் கணவர் தலையணையை விட்டார். என்னைப் பிடித்திருக்கிற பயம் மட்டும் விடவில்லை.